அக்கா தீட்டிய சங்கிலி

பால் வாளி சுமந்து பழகிய தோட்டத்து மனிதர்கள் எதைத் தூக்கினாலும் அதன் கனத்தை வாளிக் கணக்கில்தான் சொல்வார்கள். செயின்சாவை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அரை வாளிப் பால்கூட இல்லை. 18 அங்குலப் பாரும் அதைச் சுற்றி ஓடும் சங்கிலியும் மாட்டி, பெட்ரோலும் எண்ணெயும் நிரப்பிய பிறகும் 7 கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டியது. இதை வைத்துக்கொண்டா இத்தனை கட்டையையும் துண்டு போடப் போகிறோம் என்று அக்கா மகனைப் பார்த்தேன்.

"பெருசு காட்டு வேலைக்கு மாமா. சின்னது கிளை கழிக்கத்தான் ஆகும். விறகுக்கு இந்த நடு சைஸ்தான் சரி, 55 சிசி" என்றான்.

போன ஆடி மாதம் அது. மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், புக்கிட் ரோத்தானுக்கும் ஈஜோக்குக்கும் நடுவே கம்பத்து ரப்பர் நிலம் ஒன்று. வயதாகிப் பால் வற்றிய மரங்களை அதன் சொந்தக்காரரான மலாய்ப் பெரியவர் சாய்த்துப் போட்டிருந்தார். நேரான அடிமரங்களை மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்கு லோரியில் ஏற்றிவிட்டார்கள். கோணல் கட்டைகளும் பெருங்கிளைகளும் அப்படியே கிடந்தன. எங்கள் கோவில் திருவிழாவில் அன்னதானச் சமையல் இன்றும் விறகடுப்பில்தான் நடக்கிறது என்பது பெரியவருக்குத் தெரியும். "அம்பில் லா, அம்பில் செமுவா" என்றார். எடுத்துக்கொள், எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று கையை அகல விரித்துச் சொன்னார்.

செயின்சாவை அதற்காகத்தான் வாங்கினோம். ஒரே தோட்டத்தில் பிறந்து, தோட்டம் போன பிறகு வெவ்வேறு தாமான்களில் குடியிருக்கும் ஏழு பேர் சேர்ந்து பணம் போட்டோம். ஏழு பேரில் ஓய்வுபெற்றவன் நான்தான் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மனமுவந்து ஏற்றுக்கொண்டேன்.

கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி டூ ஸ்ட்ரோக் எண்ணெய். சங்கிலிக்குத் தனி எண்ணெய், தனித் தொட்டி. வாளைத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் காலைக் கொடுத்து அழுத்திக்கொண்டு, சங்கிலி பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தேன். நான்காவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. காதில் கவசம் மாட்டியிருந்தும் அந்த இரைச்சல் நெஞ்செலும்பு வழியாக உள்ளே வந்தது.

முதல் வெட்டு, தொடைக் கனமுள்ள ஒரு கிளையில். சங்கிலி ஓடத் தொடங்கியதும் வாள் கட்டையை நோக்கித் தானாக இழுத்துக்கொண்டு போனது. நான் அழுத்தவே இல்லை. வெள்ளைச் சீவல் என் பூட்ஸ் மேல் மழைபோல் கொட்டியது. கிளை இரண்டாகி விழுந்தது. மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், எட்டு எண்ணியிருப்பேன். வெட்டுவாயின் விளிம்பில், பட்டைக்கு உள்பக்கம், வட்டமாகப் பால் கசிந்தது. அந்த வாடை தெரிந்த வாடை. எங்கள் லயத்து வீட்டின் வாடை, அம்மாவின் சட்டை வாடை.

வாளை அணைத்துக் கீழே வைத்துவிட்டு அந்த வெட்டுவாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதே பருமனுள்ள கிளையைத் துண்டு போட அம்மா கோடாலியோடு எவ்வளவு நேரம் போராடுவார் என்று எனக்குத் தெரியும். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த பிள்ளை நான்.

அப்போது விறகு பெண்களின் வேலை. அம்மா விடியும் முன்பே பெரட்டில் பேர் கொடுத்து, அங்கிருந்து தீம்பாருக்கு, ரப்பர் நிரைகளுக்குள், போய்ப் பட்டையைச் சீவி, பால் எடுத்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளியையும் சுமந்து வந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பார். அதோடு அன்றைய கூலி வேலை முடிந்தது. கணக்கில் வராத வேலை அதற்குப் பிறகு. மீண்டும் தீம்பாருக்குள் போய், காய்ந்து விழுந்த கிளைகளைப் பொறுக்கி, கொடியால் கட்டி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு வருவார். காற்றும் மழையுமாக அடித்த மறுநாள் லயத்துப் பெண்கள் எல்லாரும் ஓடுவார்கள். முறிந்து விழுந்த மரம் முதலில் பார்த்தவருக்குச் சொந்தம். ரப்பர் மரம் காற்றுக்குச் சுலபமாக முறியும். அந்தப் பலவீனம்தான் எங்கள் அடுப்பை எரித்தது.

அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவர். ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. இடைநிலைப் பள்ளி பட்டணத்தில் இருந்தது, பஸ் காசு இரண்டு பேருக்குக் கட்டாது, பையன் படிக்கட்டும் என்று முடிவானது. அந்த முடிவை எடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் இத்தனை வருடம் கழித்தும் அது என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நான் பஸ் ஏறிய காலை நேரங்களில் அக்கா அம்மாவோடு தீம்பாரில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிவரும் நேரத்தில் தலையில் விறகுக்கட்டோடு செம்மண் பாதையில் வந்துகொண்டிருப்பார். உச்சந்தலையில் ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்கு முடி தேய்ந்துபோயிருந்தது. கல்யாணப் பேச்சு வந்தபோது அந்த இடத்தை மறைத்துத்தான் பூ வைத்தார்கள்.

செயின்சாவின் சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டது 1974-இல். நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். பள்ளிக்குப் பின்னால் இருந்த தீம்பாரிலிருந்து, மோட்டார் சைக்கிள் சேற்றில் சிக்கிக்கொண்டு கதறுவது போல ஓர் இரைச்சல். சட்டென்று நின்றது. அப்புறம் கிளைகள் நொறுங்கும் ஓசை, அதைத் தொடர்ந்து காலடியில் ஓர் அதிர்வு. வாத்தியார் சன்னலை மூடினார். மத்தியானத்துக்குள் பதினைந்து தடவையாவது தரை அதிர்ந்தது. பள்ளி விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தோம். குத்தகைக்காரரின் ஆட்கள் நான்கைந்து பேர், இடுப்பில் துண்டோடு, எங்கள் எல்லார் கண்ணுக்கும் பூதம்போல் தெரிந்த வாள்களைப் பிடித்துக்கொண்டு நிரை நிரையாகச் சாய்த்துக்கொண்டு போனார்கள்.

ரப்பரை எடுத்துவிட்டுச் செம்பனை நடப் போகிறார்கள் என்றார்கள் பெரியவர்கள். எங்கள் பக்கத்துக்குச் செம்பனை புதிதல்ல. மலேசியாவிலேயே வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கமுள்ள தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். ஊரின் பெயர் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. நட்டவர் ஆன்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோங்கூர் பரிசு பெற்றவரும் அவரே. தென்னமரம் என்ற பெயரில் இருக்கும் தோட்டத்தில் செம்பனை காலூன்றியது என்பதைத் தமிழ் தெரிந்தவர்கள் ஒரு நொடி நின்றுதான் கடக்க முடியும். ஆனால் நாடு முழுக்க ரப்பரை ஓரம்தள்ளிவிட்டுச் செம்பனை பரவியது 1960-களுக்குப் பிறகுதான். ரப்பர் விலை விழுந்துகொண்டிருந்தது, செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். 1990 வாக்கில் செம்பனையின் பரப்பு ரப்பரை மிஞ்சிவிட்டது.

அம்மா அந்தத் தீம்பாரில் பதினான்கு வருடம் பால் வெட்டியவர். மரங்கள் சாய்ந்த அன்று மாலை எல்லாரையும் போல அவரும் விறகுக்குப் போனார். அடிமரத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். அதில் வெட்டுப்பட்டை அப்படியே இருந்தது, படிப்படியாக இறங்கிய உளியின் தடங்களோடு. "இது எட்டாவது நெரையில ஓரத்து மரம். மழைக்காலத்துலகூட பால் கொடுக்கும்" என்றார். அக்கா விரலால் தடவிப் பார்த்தார். அந்தத் துண்டை அம்மா கடைசிவரை அடுப்பில் வைக்கவில்லை. கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்தார். வருடம் திரும்பும் முன் பூச்சி அரித்து மாவாய்ப் போனது.

ரப்பர் மரத்தின் குணம் அது. மாவுச்சத்து நிறைந்த கட்டை. அறுத்துப் போட்டால் சில நாளிலேயே நீலப் பூஞ்சை ஏறும், அப்புறம் வண்டு விழும். அதனால்தான் வெகுகாலம் வரை அதை மரம் என்றே யாரும் மதிக்கவில்லை. தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டைப் புகைபோட எரித்தார்கள், நாங்கள் சோறாக்க எரித்தோம், மிச்சத்தைத் தீம்பாரிலேயே குவித்துக் கொளுத்தினார்கள். 1974-இல் அந்தக் குவியல்கள் இரவில் எரிந்ததை லயத்துக் கூரைமேல் ஏறி நின்று பார்த்தேன். ஒரு வாரம் வானம் சிவந்து கிடந்தது. அறுத்த பலகையைப் போராக்ஸ் கரைசலில் ஊறவைத்து, சூளையில் காயவைத்தால் பூச்சி வராது என்ற முறை பரவி, 1980-களில் ரப்பர் மரச் சாமான்கள் கப்பலேறத் தொடங்கின. எங்கள் அம்மா தலையில் சுமந்த அதே கட்டை இன்று எங்கெங்கோ சாப்பாட்டு மேசையாக நிற்கிறது. நல்ல வெளிர்நிற மரம், அழகான மரம். எரித்தது எவ்வளவு என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

லயத்தைச் சுற்றி ரப்பர் போன பிறகு எங்கள் பெண்களின் பாடு கூடிவிட்டது. செம்பனையில் விறகு கிடையாது. ஓலையின் மட்டை படபடவென்று எரிந்து அடங்கிவிடும், தண்டு முழுக்க ஈரமும் நாரும். பக்கத்துத் தோட்டத்து ரப்பருக்குள் அக்கா போக வேண்டியிருந்தது. அங்கே காவல்கார ஜாகா துரத்துவார். போகவர நான்கு மைல் நடை. சமையல் கேஸ் தோம்பு எங்கள் வீட்டுக்கு வந்தது 1983-இல், அக்கா தன் பெயரில் பால் வெட்டத் தொடங்கிய பிறகு, அவருடைய சம்பளத்தில். அதற்கு அடுத்த வருடம் அம்மா போய்விட்டார். ஒரே ஒரு வருடம்தான் அவர் கண்ணெரிச்சல் இல்லாமல் சமைத்தார்.

எட்டு எண்ணுவதற்குள் விழுந்த கிளையைப் பார்த்தபோது இதெல்லாம்தான் வந்து நின்றது. மரம் மலிந்து கிடந்த நாளில் எங்களுக்கு ஒரு மொண்ணைக் கோடாலி. வாள் வாங்க வசதி வந்த நாளில், விறகு எங்கே கிடைக்கும் என்று கம்பம் கம்பமாக விசாரித்துக்கொண்டு போகிறோம்.

அக்கா மகன் தோளைத் தொட்டான். வேலையைத் தொடர்ந்தோம்.

இந்த வாளுக்கு நான் மரியாதை கொடுக்கிறேன், பயமும் கலந்த மரியாதை. முழு வேகத்தில் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. பாரின் மூக்குப் பகுதியில், மேல் பாதி எதிலாவது பட்டுவிட்டால் வாள் துள்ளி எழுந்து பிடித்திருப்பவர் முகத்துக்கே வரும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. அதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு. கை பட்டாலோ வாள் வேகமாகத் துள்ளினாலோ அது பிரேக்கைப் போட்டுவிடும். இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும், வாளின் நேர்க்கோட்டில் தலை இருக்கக் கூடாது. இதற்கென்றே ஒரு கால்சட்டை உண்டு. உள்ளே இருக்கும் நீள நார்கள் சங்கிலி பட்டதும் உருவி வந்து பல்சக்கரத்தில் சுற்றி வாளை நிறுத்திவிடும். வெயிலுக்கு அதைப் போடுவது வேதனைதான், போட்டுக்கொள்கிறேன். எங்கள் வட்டாரத்தில் சிலிப்பரும் அரைக்கால் சட்டையுமாகச் செயின்சா பிடிக்கும் தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

அன்று பதினோரு மணி வாக்கில் தவறு செய்தேன். இரண்டு முனையும் மேட்டில் தாங்கி, நடுவில் தொங்கிக் கிடந்த ஒரு பெருங்கட்டையை மேலிருந்து அறுக்கத் தொடங்கினேன். அப்படிக் கிடக்கும் கட்டையின் மேல்பக்கம் நெருங்கி அழுந்தியிருக்கும், அடிப்பக்கம் இழுபட்டு நிற்கும். மேலே கொஞ்சம் வெட்டிவிட்டு, மிச்சத்தை அடியிலிருந்து வெட்டி ஏற வேண்டும். நான் பாதிவரை இறக்கிவிட்டேன். கட்டை அமுங்கி, வெட்டுவாய் மூடி, பார் உள்ளே மாட்டிக்கொண்டது. அசைக்க முடியவில்லை.

அதுவரை தள்ளி நின்று துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா வந்தார். "இழுக்காதடா தம்பி. கோணிக்கும்" என்றார். பிக்கப்பிலிருந்து கோடாலியை எடுத்துவரச் சொன்னார். அம்மாவின் கோடாலிதான் அது, காம்பு மட்டும் மூன்றாவது. கீழே கிடந்த ஒரு கிளைத்துண்டில் இரண்டு ஆப்பு செதுக்கி, பாருக்கு இரண்டு பக்கமும் வெட்டுவாயில் வைத்து மாற்றி மாற்றித் தட்டினார். நாலாவது தட்டில் வாய் திறந்தது. வாளை வெளியே எடுத்தேன்.

ஆனால் எடுக்கும்போது அவசரத்தில் மூக்கை மண்ணில் குத்திவிட்டேன். சங்கிலிக்கு மண் ஆகாது. அடுத்த கட்டையில் வைத்தபோது வாள் இழுத்துக்கொண்டு போகவில்லை, நான் அழுத்த வேண்டியிருந்தது. சீவலுக்குப் பதில் மாவாகக் கொட்டியது, புகைந்தது. கடைக்காரர் சொன்ன அடையாளமே அதுதான்: சீவல் வந்தால் கூர், தூள் வந்தால் மழுங்கல்.

வாளை அணைத்து, ஆறவிட்டு, கட்டைமேல் வைத்து, உருண்டை அரத்தை எடுத்தேன். கடையில் ஒரு தடவை காட்டிக் கொடுத்திருந்தார்கள். ஐந்தாறு பல் தீட்டினேன். அரம் கிறீச்சிட்டு வழுக்கியது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்படிக் கொடு."

எனக்குத் தயக்கம். அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு சங்கிலியைக் கையால் மெல்ல நகர்த்தினார். "ஒரு பல்லு இந்தப் பக்கம், ஒரு பல்லு அந்தப் பக்கம். புழு கடிக்கிற மாதிரி இல்ல இருக்கு" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தப் பல்லின் கதையே அதுதான். 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, அடிக்கட்டை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவை உற்றுப் பார்த்தார். அது வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டு, நாரைப் பற்றிக் கவலைப்படாமல் முன்னேறியது. அதைப் பார்த்து அவர் செய்த சங்கிலி மறுவருடம் விற்பனைக்கு வந்தது. இன்று உலகத்தில் ஓடும் செயின்சாக்களில் பெரும்பாலானவற்றின் பல் அந்தப் பரம்பரைதான். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்கா ஆயுள் முழுக்கப் பூச்சி அரித்த ரப்பர் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்.

அரத்தைப் பிடித்தார். 26 வருடம் பால் வெட்டிய கை. பால்வெட்டு உளியின் வாய் மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் தீட்டுக்கல்லின் வளைந்த விளிம்பைக் கொடுத்து ஒவ்வொரு நாளும் கூர் ஏற்றுவார்கள். கூர் குறைந்தால் மரம் காயப்படும், கங்காணி கணக்கெடுப்பார், அந்த இடத்தில் பட்டை முண்டுமுண்டாக வளர்ந்து பிறகு பால் வெட்டவே முடியாது. அந்தக் கவனத்தோடுதான் அக்கா இந்தப் பல்லையும் தொட்டார். அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தினார், திரும்பும்போது தூக்கிக்கொண்டார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பல்லுக்கு மூன்று இழுப்பு, எல்லாப் பல்லுக்கும் அதே மூன்று. ஒரு பக்கம் முடித்துவிட்டுக் கட்டையைச் சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்தார். கிறீச்சிடும் சத்தம் போய், அரத்துக்கு அடியில் உப்பைப் பரபரவென்று தேய்ப்பது போன்ற சத்தம் வந்தது. கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு பல்லை மெல்ல வைத்துப் பார்த்தார். வழுக்கவில்லை, நகத்தில் நின்றது.

"ம். இப்ப வெட்டு."

கயிற்றை இழுத்தேன். வாளைக் கட்டைமேல் வைத்தேன். தானாக இறங்கியது. சீவல் நீள நீளமாக, சுருண்டு சுருண்டு பறந்தது. துண்டு விழுந்ததும் அணைத்தேன். அக்கா குனிந்து ஒரு பிடி சீவலை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். பால் வெட்டும்போது உளியிலிருந்து விழும் பட்டைச் சீவலை அம்மா இப்படித்தான் பார்ப்பார், கனம் சரியாக இருக்கிறதா என்று. அக்காவும் அதைத்தான் பார்த்தார்.

விழுந்த துண்டில் பழைய வெட்டுப்பட்டை தெரிந்தது. புரட்டி, உளித் தடத்தில் விரலை ஓட்டினார். "நல்ல கை. ஒரு காயம்கூட இல்ல. யாரோ பொம்பளதான் வெட்டியிருக்கணும்" என்றார். அந்தத் துண்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றைப் பட்டை மேலாக, காற்று புக இடைவெளி விட்டு அடுக்கினார்.

நான் கைநீட்டினேன். அரத்தை அவர் திருப்பித் தரவில்லை. தீட்டுக்கல்லைச் செருகும் பழைய இடத்தில், கைலி மடிப்பில், அதைச் செருகிக்கொண்டு அடுத்த கட்டையைப் பார்க்கப் போனார்.